காய்ச்சலின் ஊற்றைத் தேடியவர்

சுபாங் ஜெயா இன்று பெரிய நகரம். அடுக்குமாடி வீடுகள், பேரங்காடிகள், கல்லூரிகள், மருத்துவமனைகள், விரைவு இரயில் நிலையங்கள் எனப் பரபரப்பாக இயங்கும் ஊர் அது. ஆனால், 1970ஆம் ஆண்டுகளில் வீடமைப்புத் திட்டம் தொடங்கும்வரை அங்கே பரந்து கிடந்தது சீபீல்டு தோட்டம். அதற்கும் முன்பு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அந்தக் குன்றுகளிலும் பள்ளத்தாக்குகளிலும் காட்டை அழித்து இரப்பர்க் கன்றுகளை நட்டார்கள். அந்த வேலையைச் செய்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த தொழிலாளர்கள். வந்தவர்களுள் பலர் ஊர் திரும்பவில்லை. புலியோ பாம்போ கொன்றவர்களைவிடக் காய்ச்சல் கொன்றவர்களே மிகுதி. அந்தக் காய்ச்சலுக்குப் பெயர் மலேரியா.

கிள்ளான் வட்டாரத்திலும் அதைச் சுற்றியிருந்த தோட்டங்களிலும் அந்தக் காய்ச்சலின் ஊற்றைத் தேடிக் கால்நூற்றாண்டுக்கும் மேலாக உழைத்த மருத்துவர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் மல்கம் வாட்சன்.

கிள்ளானுக்கு வந்த இளம் மருத்துவர்

மல்கம் வாட்சன் 1873ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் பிறந்தார். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றார். பின்னர் மலாயாவின் அரசாங்க மருத்துவச் சேவையில் சேர்ந்தார். 1901ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிள்ளான் வட்டார மருத்துவராகப் பொறுப்பேற்றார். அப்போது அவருக்கு வயது 27.

மலேரியாவைப் பற்றிய பெரிய கண்டுபிடிப்பு ஒன்று அப்போது புதியதாக இருந்தது. இந்தியாவில் பிறந்து அங்கேயே இராணுவ மருத்துவராகப் பணியாற்றிய ரொனால்டு ரோஸ், 1897ஆம் ஆண்டு செகந்திராபாத்தில் ஒரு கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அதுவரை, சதுப்பு நிலத்திலிருந்து எழும் கெட்ட காற்றுதான் இந்தக் காய்ச்சலைத் தருகிறது என்று உலகம் நம்பியிருந்தது. மலேரியா என்ற இத்தாலியச் சொல்லின் பொருளே கெட்ட காற்று என்பதுதான். காற்று அன்று, அனோபிலிஸ் என்னும் வகையைச் சேர்ந்த பெண் கொசுவே ஒருவர் உடலிலிருந்து மற்றொருவர் உடலுக்குக் கிருமியைக் கொண்டு செல்கிறது என்பது தெரிந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த அறிவை ஒரு முழு ஊரின்மீது பயன்படுத்திப் பார்த்தவர்கள் உலகிலேயே மிகச் சிலர்.

வாட்சன் வந்தபோது கிள்ளான் சிறிய நகரம். ஊரைச் சுற்றிலும் ஊருக்குள்ளும் சதுப்பு நிலம். மழை பெய்தால் தேங்கிய நீர் வடிவதற்கு வழியில்லை. வீடுகளுக்குப் பின்னாலேயே புதரும் காடும் தொடங்கின. அந்த ஆண்டில் மலேரியா கடுமையாகப் பரவியது. மருத்துவமனையில் படுக்கைகள் போதவில்லை. கடைகளிலும் அலுவலகங்களிலும் ஆளில்லாத நிலை ஏற்பட்டது.

அதே 1901ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், கிள்ளானுக்கு அருகே கடற்கரையில் புதிய துறைமுகம் ஒன்று திறக்கப்பட்டது. அதன் அன்றைய பெயர் போர்ட் சுவெட்டன்ஹாம். இன்றைய பெயர் கிள்ளான் துறைமுகம். சதுப்புநிலக் காட்டைத் திருத்தி அமைத்த அந்தத் துறைமுகத்தில் வேலைக்குச் சென்ற தொழிலாளர்கள், இரயில்வே ஊழியர்கள், அரசாங்கப் பணியாளர்கள் எனப் பலரும் சில வாரங்களுக்குள் காய்ச்சலில் விழுந்தனர். சிலாங்கூரின் எதிர்கால வாணிகமே அந்தத் துறைமுகத்தை நம்பியிருந்தது. இருந்தும், அதை மூடிவிடுவதே நல்லது என்ற நிலை உருவானது.

மூடுவதற்கு முன் ஒரு வாய்ப்புத் தர வேண்டும் என்று வாட்சன் வலியுறுத்தினார். நோயாளிகளுக்கு மருந்து கொடுத்துக்கொண்டே இருப்பதைவிடக் கொசு பிறக்கும் இடத்தை இல்லாமல் செய்வதே வழி என்பது அவர் முடிவு. அரசாங்கம் இணங்கியது. நகரிலும் துறைமுகத்திலும் காடும் புதரும் வெட்டப்பட்டன. சதுப்பு நிலத்தின் குறுக்கே வடிகால்கள் தோண்டப்பட்டன. குட்டைகள் மண்ணிட்டு மூடப்பட்டன. துறைமுகப் பகுதிக்குள் கடல்நீர் ஏறாதவாறு கரை எழுப்பப்பட்டது. இடுப்பளவு சேற்றில் நின்று இந்த வேலையைச் செய்தவர்கள் தொழிலாளர்கள். அவர்களுடைய பெயர்களை எந்த அறிக்கையும் எழுதி வைக்கவில்லை.

எண்கள் சொன்ன செய்தி

வாட்சனிடம் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. தாம் செய்த வேலை பயன் தந்ததா என்பதை அவர் எண்ணிப் பார்த்தார். மருத்துவமனைக்கு வந்த ஒவ்வொரு மலேரியா நோயாளியும் எந்த இடத்தில் வாழ்பவர் என்பதைக் குறித்து வைத்தார்.

1901ஆம் ஆண்டில் கிள்ளான் நகரிலிருந்து வந்த நோயாளிகள் 334 பேர். 1905ஆம் ஆண்டில் அந்த எண்ணிக்கை 12. போர்ட் சுவெட்டன்ஹாமிலிருந்து வந்தவர்கள் 188 பேராக இருந்து 11 பேராகக் குறைந்தனர். நகரும் துறைமுகமும் சேர்ந்த பகுதியில் எல்லாக் காரணங்களாலும் இறந்தோர் 1901இல் 582 பேர்; அடுத்த ஆண்டில் 144 பேர்.

இந்தக் குறைவு தற்செயலாக நேர்ந்திருக்கலாம் அல்லவா? மழை குறைந்திருக்கலாம், காய்ச்சல் தானாகவே தணிந்திருக்கலாம். இந்த ஐயம் எழும் என்பதை வாட்சன் அறிந்திருந்தார். அதனால், வடிகால் வெட்டப்படாத மற்றப் பகுதிகளின் கணக்கையும் பக்கத்திலேயே வைத்தார். அங்கிருந்து வந்த நோயாளிகள் 1901இல் 197 பேர். 1905இல் 353 பேர். ஒரே வட்டாரம், ஒரே மழை, ஒரே வெயில். வடிகால் வெட்டிய இடத்தில் நோய் குறைந்தது. வெட்டாத இடத்தில் நோய் கூடியது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு இன்னோர் இடம் இருந்ததால்தான் உண்மை தெளிவாகத் தெரிந்தது.

நோயில்லாத பிள்ளைகளின் இரத்தம்

மருத்துவமனைக் கணக்கு ஒன்றே போதாது என்று வாட்சன் எண்ணினார். காய்ச்சல் வந்தவர்கள் எல்லாரும் மருத்துவமனைக்கு வருவதில்லை. அதைவிட முக்கியமான இன்னொன்றும் உண்டு. கிருமி உடலில் உள்ளவர்கள் எல்லாருக்கும் காய்ச்சல் வருவதில்லை.

இதைச் சற்று விளக்கமாகக் காண்போம். மலேரியாக் கிருமி முதன்முதலில் ஒருவர் உடலில் புகும்போது கடுமையான குளிர், காய்ச்சல், வியர்வை ஆகியவை மாறி மாறி வரும். பலர் அதிலேயே உயிரிழப்பர். ஆனால், மலேரியா ஓயாத ஊரில் பிறந்து, திரும்பத் திரும்பக் கொசுக்கடிக்கு ஆளாகிப் பிழைத்தவர்களின் உடல், கிருமியோடு போராடப் பழகிக்கொள்ளும். அந்த உடல் கிருமியை முற்றாக அழித்துவிடுவதில்லை. குறைந்த அளவில் அடக்கி வைத்திருக்கும். அவர்கள் நடமாடுவார்கள், வேலைக்குப் போவார்கள், விளையாடுவார்கள். பார்ப்பவர்களுக்கு அவர்கள் நோயாளிகளாகத் தெரியமாட்டார்கள். அவர்களைக் கடிக்கும் கொசுவுக்கோ அவர்களுடைய இரத்தத்தில் உள்ள கிருமி போதும். அங்கிருந்து அது அடுத்தவரைத் தேடிப் போகும். இதனை அறிகுறியற்ற தொற்று என்று மருத்துவம் கூறுகிறது.

ஜெர்மானிய அறிஞர் ரோபர்ட் கோக், 1900ஆம் ஆண்டை ஒட்டி ஜாவாவிலும் நியூ கினியிலும் இதனை ஆராய்ந்தார். மலேரியா நிலைத்துவிட்ட ஊர்களில் பெரியவர்களின் இரத்தத்தைவிடச் சிறுபிள்ளைகளின் இரத்தத்திலேயே கிருமி மிகுதியாகக் காணப்படுகிறது என்பது அவர் கண்ட உண்மை. எனவே, ஓர் ஊரில் மலேரியா இருக்கிறதா என்பதை அறிய அங்குள்ள பிள்ளைகளைச் சோதித்தால் போதும்.

வாட்சனும் அதைத்தான் செய்தார். 1904ஆம் ஆண்டில் கிள்ளானிலும் துறைமுகத்திலும் 260 பிள்ளைகளின் இரத்தத்தை நுண்ணோக்காடியில் சோதித்தார். இருவரிடம் மட்டுமே கிருமி இருந்தது. வடிகால் இல்லாத மற்றப் பகுதிகளில் 298 பிள்ளைகளைச் சோதித்தார். அவர்களுள் 101 பேரின் இரத்தத்தில் கிருமி இருந்தது. அதாவது, மூவரில் ஒருவருக்கு. இவர்கள் மருத்துவமனைப் படுக்கையிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட நோயாளிகள் அல்லர். தத்தம் இருப்பிடங்களில் வாழ்ந்துகொண்டிருந்த பிள்ளைகள்.

ஒவ்வொரு தோட்டத்திற்கும் நுண்ணோக்காடியைக் கொண்டு போவது எளிதன்று. அதற்கு வாட்சன் வேறொரு வழியைக் கையாண்டார். கிருமி நெடுநாள் உடலில் தங்கினால் மண்ணீரல் வீங்கிப் பெரிதாகும். இடப்பக்க விலா எலும்பின் கீழே விரல்களால் மெல்ல அழுத்திப் பார்த்தால் அந்த வீக்கம் தட்டுப்படும். வாட்சன் தோட்டம் தோட்டமாகச் சென்றார். லயங்களில் வாழ்ந்த பிள்ளைகளை ஒவ்வொருவராகச் சோதித்தார். நூறு பிள்ளைகளில் எத்தனை பேருக்கு மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்று கணக்கிட்டார். மருந்தோ கருவியோ தேவைப்படாத இந்தச் சோதனை, எந்தத் தோட்டம் ஆபத்தானது என்பதைக் காட்டிக் கொடுத்தது.

யாருக்கு ஆபத்து?

அந்தக் காலத்தில், தோட்டத்தில் ஏன் இத்தனை பேர் இறக்கிறார்கள் என்று கேட்டால் பல காரணங்கள் சொல்லப்பட்டன. கப்பலில் வரும்போதே நோயுடன் வருகிறார்கள் என்றனர் சிலர். உணவு சரியில்லை, குடிநீர் சரியில்லை, தூய்மை இல்லை என்றனர் வேறு சிலர். இவற்றில் ஓரளவு உண்மை இருந்தது. ஆனால், பழி முழுவதும் தொழிலாளியின் தலையிலேயே விழுந்தது.

வாட்சனின் கணக்கு வேறு கதையைச் சொன்னது. ஒரே ஊரிலிருந்து, ஒரே கப்பலில் வந்த தொழிலாளர்களே ஒரு தோட்டத்தில் நலமாக வாழ்ந்தார்கள். இன்னொரு தோட்டத்தில் மடிந்தார்கள். வேறுபாடு ஆளில் இல்லை. லயம் கட்டப்பட்ட இடத்தில் இருந்தது. கொசு பிறக்கும் சதுப்பு நிலத்திற்கோ ஓடைக்கோ அருகில் லயம் இருந்தால் பிள்ளைகளின் மண்ணீரல் வீங்கியிருந்தது. லயம் தொலைவில் செல்லச் செல்ல அந்த வீக்கம் குறைந்தது. தண்ணீர் எடுப்பதற்கு வசதி என்று குன்றின் அடிவாரத்தில், ஓடைக் கரையில் லயங்களைக் கட்டியதுதான் பல தோட்டங்கள் செய்த பெரும் பிழை.

புதிதாக வந்தவர்களுக்கே ஆபத்து மிகுதி என்பதும் தெரிந்தது. கங்காணி அழைத்து வந்த புதிய ஆட்கள், தமிழ்நாட்டின் மலேரியா குறைந்த கிராமங்களிலிருந்து வந்தவர்களாயின் அவர்கள் உடலில் எதிர்ப்பாற்றல் இல்லை. அவர்கள் வந்து தங்கிய லயத்திலோ, கிருமியைச் சுமந்துகொண்டு நலமாகத் திரியும் பிள்ளைகள் ஏற்கெனவே இருந்தார்கள். இரவில் கொசு இரு சாராரையும் கடித்தது. சில வாரங்களில் புதியவர்கள் படுத்தார்கள். இதில் பிள்ளைகளின் குற்றம் எதுவும் இல்லை. தம் உடலில் கிருமி இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

அக்காலத்தில் மலேரியாவுக்கு இருந்த ஒரே மருந்து கொய்னா. சின்கோனா மரத்தின் பட்டையிலிருந்து எடுக்கப்பட்ட அந்த மருந்து மிகவும் கசக்கும். கிருமி உள்ளவர்கள் அனைவரையும் கண்டறிந்து கொய்னா கொடுத்தால் போதும் என்பது கோக் காட்டிய வழி. கொசுவை ஒழிக்க வேண்டும் என்பது ரோஸ் காட்டிய வழி. வாட்சன் இரண்டையும் செய்து பார்த்தார். தோட்டங்களில் நாள்தோறும் தொழிலாளர்களுக்குக் கொய்னா வழங்கச் செய்தார். அது பல உயிர்களைக் காத்தது. இருந்தும், ஊரிலிருந்து காய்ச்சலைத் துரத்த அதனால் முடியவில்லை. கொசு பிறந்துகொண்டே இருக்கும்வரை புதிய கிருமியும் வந்துகொண்டே இருந்தது. ஓட்டைக் கூரையின் கீழே பாத்திரம் வைத்து மழைநீரைப் பிடிப்பதைப் போன்றது அது. பாத்திரம் தேவைதான், ஆனால், கூரையையும் வேய வேண்டும்.

குன்றுகள் கற்பித்த பாடம்

சில ஆண்டுகளுக்குப் பின் வாட்சன் அரசாங்கப் பணியிலிருந்து விலகினார். கிள்ளானைச் சுற்றியிருந்த இரப்பர்த் தோட்டங்களின் மருத்துவரானார். இரப்பர் விலை ஏறிக்கொண்டிருந்த காலம் அது. புதிய தோட்டங்கள் கடற்கரைச் சமவெளியைத் தாண்டி உள்நாட்டுக் குன்றுகளை நோக்கிப் பரவின.

கடற்கரைச் சமவெளித் தோட்டங்களில் வாட்சனின் முறை நன்றாகவே பயன் தந்தது. அங்கு நோயைப் பரப்பிய கொசு அனோபிலிஸ் அம்ப்ரோசஸ். நிழல் படர்ந்த காட்டுச் சதுப்பு நீரில் முட்டையிடுவது அதன் இயல்பு. காட்டை வெட்டி, வாய்க்கால் வெட்டி, வெயில் படச் செய்தால் அந்தக் கொசு மறைந்தது. அதனுடன் காய்ச்சலும் மறைந்தது.

ஆகவே, குன்றுகளிலும் அதையே செய்தால் போதும் என்று வாட்சன் நம்பினார். தோட்டக்காரர்களும் நம்பினார்கள். பள்ளத்தாக்குகளில் இருந்த காட்டை வெட்டினார்கள், ஓடைகளைத் துப்புரவு செய்தார்கள், வாய்க்கால்களை நேராக்கினார்கள். ஆண்டுகள் கடந்தும் காய்ச்சல் குறையவில்லை. சில இடங்களில் முன்பைவிட மோசமானது. பார்ப்பதற்கு அழகாக, குப்பையின்றிச் சலசலத்து ஓடிய தெளிந்த ஓடைகளின் அருகில்தான் மக்கள் மிகுதியாக இறந்தார்கள்.

தம் முறை பொய்த்தது என்பதை வாட்சன் மறைக்கவில்லை. மீண்டும் நீரைத் தேடிச் சென்றார். ஓடைகளிலிருந்து கொசுப்புழுக்களை எடுத்து வளர்த்து, அவை எந்தக் கொசுவாக மாறுகின்றன என்று பார்த்தார். விடை கிடைத்தது. குன்றுகளில் நோயைப் பரப்பியது அம்ப்ரோசஸ் அன்று; அது அனோபிலிஸ் மாக்குலாட்டஸ் என்னும் வேறு கொசு. இதன் இயல்பு நேர்மாறானது. நிழலை அது விரும்பாது. வெயில் படும் தெளிந்த நீரில், ஊற்றுக்கண்களில், ஓடைக் கரையோரத்தில் முட்டையிடும். காட்டை வெட்டியவர்கள் ஒரு கொசுவைத் துரத்திவிட்டு அதைவிடக் கொடிய இன்னொரு கொசுவுக்கு வீடு கட்டிக் கொடுத்திருந்தார்கள். நல்லது என்று நினைத்துச் செய்த வேலையே உயிர்களைப் பறித்தது.

இந்த உண்மையிலிருந்து புதிய வழி பிறந்தது. எல்லாக் கொசுவையும் எல்லா இடத்திலும் ஒழிக்க வேண்டியதில்லை. அந்தந்த இடத்தில் நோயைப் பரப்பும் கொசு எது என்று முதலில் அறிய வேண்டும். அது எவ்வகை நீரில் பிறக்கிறது என்று காண வேண்டும். பின்னர், அந்த நீரை மட்டும் மாற்றினால் போதும். மலாயாவுக்கு வந்து வாட்சனின் பணியைக் கண்ட டச்சு அறிஞர் சுவெல்லன்கிரேபெல், டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளில், அதாவது இன்றைய இந்தோனேசியாவில், இம்முறையை மேலும் வளர்த்து அதற்கு இனவாரித் துப்புரவு என்னும் பொருள்படும் பெயரைச் சூட்டினார்.

குன்றுத் தோட்டங்களில் வாட்சன் இரண்டு வழிகளைக் கையாண்டார். முதலாவது, நிலத்தடி வடிகால். பள்ளத்தாக்கின் அடியில் சுட்ட களிமண் குழாய்களை வரிசையாகப் புதைத்து, ஊற்றுநீர் முழுவதையும் அவற்றின் வழியே செலுத்தினார்கள். நீர் நிலத்தின் மேலே தெரியாததால் கொசுவுக்கு முட்டையிட இடமில்லாமல் போனது. இரண்டாவது, எண்ணெய் தெளித்தல். கொசுப்புழு நீரின் மேற்பரப்புக்கு வந்துதான் மூச்சு விடும். நீரின்மீது மெல்லிய எண்ணெய்ப் படலம் இருந்தால் அது மடிந்துவிடும். புழு கொசுவாக மாறுவதற்குள் மீண்டும் தெளித்துவிட வேண்டும் என்பதால், எண்ணெய்க் கலத்தை முதுகில் சுமந்த தொழிலாளர்கள் வாரந்தோறும் ஒவ்வோர் ஓடையாகச் சென்று தெளித்தார்கள். ஒரு வாரம் தவறினால் உழைப்பு வீண். இன்றைய சுபாங் ஜெயா இருக்கும் சீபீல்டு தோட்டமும் வாட்சன் பணியாற்றிய குன்றுத் தோட்டங்களுள் ஒன்று.

இந்த வேலைகளுக்குப் பணம் செலவாகும். பல தோட்ட உரிமையாளர்கள் தயங்கினார்கள். வாட்சன் அவர்களிடம் இரக்கத்தை மட்டும் நம்பிப் பேசவில்லை. கணக்கையும் எடுத்து வைத்தார். தொழிலாளர்கள் நோயுற்றால் பால்மரம் வெட்ட ஆளில்லை; இறந்தால் மீண்டும் கப்பல் செலவு செய்து ஆளைக் கொண்டுவர வேண்டும். வடிகால் வெட்டுவது அதைவிட மலிவு என்று எடுத்துக்காட்டினார். தோட்ட நிருவாகங்கள் செவிசாய்த்ததற்கு இந்தக் கணக்கே முக்கியக் காரணம். தொழிலாளியின் உயிர் ஒரு செலவுக் கணக்காகப் பார்க்கப்பட்ட காலம் அது என்பதை நாம் மறந்துவிடலாகாது. அந்தக் காலத்தின் எல்லைக்குள் நின்றே வாட்சன் பணியாற்றினார். ஆயினும், அவர் முன்வைத்த கணக்கு ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் காத்தது.

மலாயாவிலிருந்து உலகிற்கு

வாட்சன் தம் அனுபவங்களை நூலாக எழுதினார். மலாய் ஐக்கிய மாநிலங்களில் மலேரியாத் தடுப்பைப் பற்றிய அந்நூல் 1911ஆம் ஆண்டு வெளிவந்தது. பத்தாண்டுகளுக்குப் பின் விரிவாக்கப்பட்ட இரண்டாம் பதிப்பு வந்தது. தாம் வென்ற கதையுடன் தாம் தவறியதையும் அவர் அதில் பதிவு செய்தார். மற்ற நாட்டு மருத்துவர்கள் அதே தவற்றைச் செய்யாதிருக்க அது உதவியது.

1924ஆம் ஆண்டு பிரிட்டிஷ் அரசு அவருக்குச் சர் பட்டம் அளித்தது. 1928ஆம் ஆண்டு அவர் மலாயாவை விட்டு இலண்டன் சென்றார். ரொனால்டு ரோஸின் பெயரால் அமைந்த ரோஸ் ஆய்வுக் கழகத்தில் மலேரியாப் பிரிவுக்குத் தலைமை ஏற்றார். பின்னர் அக்கழகத்தின் இயக்குநராகவும் விளங்கினார். ஆப்பிரிக்காவில், இன்றைய சாம்பியாவில் இருந்த செப்புச் சுரங்கப் பகுதிகளில் காய்ச்சல் மிகுந்தபோது, கிள்ளானிலும் குன்றுத் தோட்டங்களிலும் கற்ற முறைகள் அங்கே பயன்பட்டன. 1955ஆம் ஆண்டு, தம் 82ஆம் வயதில், மல்கம் வாட்சன் காலமானார்.

இன்றும் முடியாத தேடல்

வாட்சனுக்குப் பின்னும் மலேரியாவுடன் நடந்த போராட்டம் தொடர்ந்தது. 1960ஆம் ஆண்டு சுங்கை பூலோவில் மலேரியா ஒழிப்பு முன்னோடித் திட்டம் தொடங்கியது. அதன் அனுபவத்தைக் கொண்டு 1967ஆம் ஆண்டு முதல் தீபகற்பம் முழுவதும் ஒழிப்புத் திட்டம் விரிந்தது. வீட்டுச் சுவர்களில் மருந்து தெளித்தல், மருந்தூட்டிய கொசுவலை, உடனடி இரத்தச் சோதனை, இலவச மருத்துவம் எனப் பல வழிகள் சேர்ந்தன. 2018ஆம் ஆண்டு முதல் பல ஆண்டுகள், மனிதரிடமிருந்து மனிதருக்குக் கொசு வழியாகப் பரவும் மலேரியாவின் உள்நாட்டுத் தொற்று மலேசியாவில் பதிவாகவில்லை. இது பெரிய வெற்றி.

எனினும், குரங்குகளிடமிருந்து கொசு வழியாக மனிதருக்கு வரும் நோலெசி என்னும் மலேரியா இன்னும் இருக்கிறது. காட்டை ஒட்டி வாழ்பவர்கள், காட்டிலும் தோட்டத்திலும் வேலை செய்பவர்கள், இரவில் வெளியே தங்குபவர்கள் ஆகியோருக்கே இந்த ஆபத்து மிகுதி. சபாவின் கிராமங்களில் நுட்பமான சோதனைகளைச் செய்தபோது, காய்ச்சலே இல்லாத சிலருடைய இரத்தத்திலும் இந்தக் கிருமி காணப்பட்டது. உலகில் மலேரியா நிலைத்திருக்கும் நாட்டுப்புறங்களிலும் இதே நிலைதான். பள்ளி செல்லும் வயதுப் பிள்ளைகள், கொசு பிறக்கும் நீர்நிலைக்கு அருகில் வாழ்பவர்கள், கொசுவலை இல்லாதவர்கள், சுவரும் கூரையும் சரியாக இல்லாத வீடுகளில் உறங்குபவர்கள் ஆகியோரிடமே அறிகுறியற்ற தொற்று மிகுதியாகக் காணப்படுகிறது. காய்ச்சல் வந்தவரை மட்டும் சோதித்தால் நோயின் ஒரு பகுதிதான் தெரியும். அதனால்தான் நலவாழ்வுப் பணியாளர்கள் மருத்துவமனையில் காத்திருக்காமல் வீடுகளைத் தேடிச் செல்கிறார்கள். நலமாக இருப்பவர்களின் விரலிலும் ஒரு துளி இரத்தம் எடுக்கிறார்கள்.

சுபாங் ஜெயாவில் இன்று மலேரியா இல்லை. டிங்கிக் காய்ச்சல்தான் அச்சம் தருகிறது. அதைப் பரப்புவது வேறு கொசு. அது பிறப்பது ஓடையில் அன்று; பூச்சாடித் தட்டிலும் பழைய வாளியிலும் தேங்கிய நீரில். கொசு மாறினால் வழியும் மாற வேண்டும் என்பதுதான் வாட்சன் அந்தக் குன்றுகளில் கற்றுக்கொண்ட பாடம். ஒரு காலத்தில் அங்கே சேற்றில் நின்று வடிகால் வெட்டியவர்களும், முதுகில் எண்ணெய்க் கலத்தைச் சுமந்து ஓடை ஓடையாக நடந்தவர்களும் நம் முன்னோர். வாட்சனின் பெயரை வரலாறு காத்து வைத்திருக்கிறது. அவர்களுடைய உழைப்பை நினைவில் வைத்துக்கொள்வது நம் கடமை.